கொடுமுடிக் குரல்: கே.பி. சுந்தராம்பாள்

போன பிள்ளையார் சதுர்த்தியன்று நம் வளாகக் கோயிலில் காலை ஆறு மணிக்கே ஒலிபெருக்கி போட்டுவிட்டார்கள். சத்தத்தைப் பற்றி வாட்ஸாப் குழுவில் நடந்த விவாதம் எல்லோருக்கும் நினைவிருக்கும், அதற்குள் நான் போகவில்லை. சுண்டல் வாங்க வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் இருந்த பையன், நான்காவது ஐந்தாவது படிப்பவனாக இருக்கும், தன் அம்மாவிடம் பாடுவது ஆணா பெண்ணா என்று கேட்டான். அம்மாவுக்கும் சந்தேகம். பக்கத்தில் நின்ற இன்னொரு பெரியவர் கே.பி.எஸ். என்று மூன்றெழுத்தைச் சொல்லிவிட்டு அதற்குமேல் ஒன்றும் சொல்லத் தோன்றாமல் சிரித்தார்.

அந்தப் பையனுக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பக்கம். பெண்தான். ஆனால் அவன் கேட்டது தப்பான கேள்வி இல்லை. அந்தப் பெண் ஆண் வேடம் கட்டி மேடையில் நின்றவர். தமிழ் சினிமாவில் முதன்முதலாக நடித்ததும் ஆண் வேடம்தான்.

ஈரோட்டிலிருந்து கரூர் வழியாகத் திருச்சி போகும் ரயிலில் போனவர்கள் கொடுமுடி ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். தெற்கு நோக்கி வந்த காவிரி அங்கே கிழக்கே திரும்புகிறது. கரையில் மகுடேஸ்வரர் கோயில். அந்த ஊரில் 1908 அக்டோபரில் பிறந்தார் சுந்தராம்பாள். பெயருக்கு முன்னால் இருக்கும் கே என்பது கொடுமுடி, பி என்பது பாலாம்பாள், அதாவது அம்மாவின் பெயர். இன்றைக்கு விண்ணப்பப் படிவத்தில் அம்மா பெயரை முதலெழுத்தாகப் போடலாமா என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். நூறு வருஷத்துக்கு முன்பே அந்தப் பெயர் நாடக நோட்டீஸில் கொட்டை எழுத்தில் அச்சாகிவிட்டது. அதில் புரட்சி ஒன்றும் இல்லை. அப்பா துணை இல்லாமல், அம்மாவும் மாமாவும் வளர்த்த பிள்ளை. வீட்டில் வறுமை. தம்பி, தங்கை. அம்மா கூலிக்குப் போனால்தான் அன்றைக்கு அடுப்பு.

குழந்தைக்கு நல்ல குரல் என்பதை ஊர் கண்டுகொண்டது. ரயிலில் ஏறிப் பாடி, கேட்டவர்கள் கொடுக்கும் காசை வாங்கி வந்து அம்மாவிடம் கொடுத்த சிறுமி அவர். அப்படிப் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்ட ஓர் அதிகாரிதான் நாடகத்தில் சேர்க்கலாம் என்று சொல்லி, வேலு நாயர் நாடகக் கம்பெனிக்கு வழி காட்டினார். கம்பெனியில் கிடைத்த முதல் வேடம் நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழும் பிள்ளைகளில் ஒன்று. பசியைப் பற்றி அந்தக் குழந்தைக்கு யாரும் ஒத்திகை கொடுத்திருக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் அந்தக் கால நாடகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவர் குரல் ஏன் அப்படி இருந்தது என்பது புரியாது. மைக் கிடையாது. ஊர்ப் பொட்டலில் கீற்றுக் கொட்டகை. சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து மணலில் உட்கார்ந்தால் விடியும்போதுதான் எழுந்திருப்பார்கள். கடைசி வரிசையில் இருப்பவன் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறான், அவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் விழ வேண்டும். ஆர்மோனியக்காரர் மேடை ஓரத்தில் இருந்து கூடவே பின்பாட்டுப் பாடுவார். இதில் ஸ்பெஷல் நாடகம் என்று ஒரு வகை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து வருவார், பபூன் இன்னோர் ஊர். காண்டிராக்டர் ஒரு ராத்திரிக்குப் பேசிச் சேர்த்துவிடுவார். ஒத்திகையே கிடையாது. எல்லோருக்கும் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய பாட்டும் வசனமும் மனப்பாடம். ஆனால் மேடையில் எதிராளி எந்த இடத்தில் எந்தப் பாட்டை எடுப்பார், எந்த ஸ்தாயிக்குப் போவார் என்பது அவர் வாயைத் திறக்கும்வரை தெரியாது. பதில் பாட வேண்டும், அதே சுருதியில், ஒரு படி மேலேயே பாட வேண்டும். தோற்றால் ஜனங்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த குரல் அது. பின்னாளில் சினிமாவில் நல்ல மைக் முன்னால் நின்றபோதும் அவர் கடைசி வரிசைக்காரனுக்காகவே பாடினார் என்று எனக்குத் தோன்றும். சொல்லை மென்று விழுங்குவது கிடையாது. ழகரமும் றகரமும் தனித்தனியாகக் கேட்கும்.

கம்பெனி நாடகங்களுக்கு அன்று இலங்கை பெரிய சந்தை. கொழும்பில் தமிழ் நாடகம் என்றால் கொட்டகை நிரம்பும். சிறு வயதிலேயே அங்கே போய் ஆடிப் பாடிப் பெயர் வாங்கிவிட்டார் சுந்தராம்பாள். ஸ்திரீபார்ட்டும் உண்டு, ராஜபார்ட்டும் உண்டு. 1926இல் அதே கொழும்புக்கு வந்து சேர்ந்தார் செங்கோட்டை கிட்டப்பா. அவருக்கு அப்போது இருபது வயது. அண்ணன் தம்பிகளோடு சின்னப் பிள்ளையாக மேடை ஏறி, அதற்குள் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பெயராகிவிட்டவர். எட்ட முடியாத உயரத்தில் குரல் நிற்கும், அங்கேயே நின்று சங்கதி போடும். கிராமபோன் தட்டில் இன்றைக்குக் கேட்டாலும் மூச்சு எங்கே வாங்கினார் என்று தேட வேண்டியிருக்கிறது.

இருவரையும் ஒரே மேடையில் போட்டார்கள். வள்ளி திருமணம். அவர் வேலன், வேடன், விருத்தன். இவர் தினைப்புனத்தில் பறவை ஓட்டும் வள்ளி. அந்த நாடகத்தின் உயிரே வேடனுக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கப் பாட்டுதான். யார் யாரை அமுக்குவார்கள் என்று பார்க்கத்தான் கூட்டம் வந்திருக்கும். இரண்டு பேருமே அமுங்கவில்லை. அதற்குப் பிறகு ஊர் ஊராக அந்த ஜோடிக்குத்தான் கூட்டம்.

மேடையில் தொடங்கியது மேடையோடு நிற்கவில்லை. 1927இல் கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கனவே கல்யாணமாகி வீட்டில் மனைவி இருந்தார். சாதியும் வேறு. இதெல்லாம் சுந்தராம்பாளுக்குத் தெரியாததல்ல, தெரிந்துதான் சம்மதித்தார். வயது பத்தொன்பதுகூட ஆகவில்லை. அவருடைய வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தை அமர காதல் என்று இரண்டு வரியில் எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள். நான் அப்படிப் போக விரும்பவில்லை, ஏனென்றால் அந்த ஆறு வருஷம் சுகமான ஆறு வருஷம் அல்ல. ஒரு குழந்தை பிறந்தது, சில நாட்களிலேயே போய்விட்டது. கிட்டப்பாவுக்குக் குடிப்பழக்கம் முற்றியது. சேர்ந்து நடிப்பதும் பிரிவதும், திரும்பச் சேர்வதும், மறுபடி செங்கோட்டைக்கும் கொடுமுடிக்கும் இடையே மௌனமுமாக நாள் போனது.

அந்த மௌன நாட்களில் சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன, அச்சிலும் வந்திருக்கின்றன. அவற்றை இங்கே எடுத்துப் போடப் போவதில்லை. அடுத்தவர் கடிதத்தைப் படித்த கூச்சம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். நாம் படத்தில் பார்த்துப் பழகிய, எப்போதும் சாந்தமாக நீதி சொல்லும் கிழவி அந்தக் கடிதங்களில் இல்லை. கோபப்படுகிற, கெஞ்சுகிற, அடுத்த வரியிலேயே நான் உங்களுக்குத் தொந்தரவு தரமாட்டேன் என்று ரோஷத்தோடு விலகி நிற்கிற ஓர் இளம்பெண் இருக்கிறாள். பெரிய படிப்பு இல்லாத, நாடகக் கொட்டகையில் தமிழ் கற்ற பெண். உரைநடை அப்படி ஓடுகிறது.

1933 டிசம்பர் 2ஆம் தேதி கிட்டப்பா இறந்துபோனார். வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அன்றிலிருந்து வெள்ளைப் புடவை, கதர். நகை கிடையாது. நெற்றியில் திருநீறு. இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு. நம்மில் பலர் அவரைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பது இந்த ஒன்றுதான். அதை மிகவும் புகழ்ந்து சொல்வார்கள். என் பாட்டி சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வரும். எனக்கு அந்த இடத்தில் எப்போதும் ஒரு சங்கடம் உண்டு. இருபத்தைந்து வயதில் ஒரு பெண் தன் வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டதை நாம் ஏன் இவ்வளவு சந்தோஷமாகப் பாராட்டுகிறோம்? கட்டிய மனைவி இருக்கும்போது வந்தவள் என்று அதுவரை பேசிய அதே வாய்கள்தான் வெள்ளைப் புடவையைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டன. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாடகக்காரி என்றால் யாரும் எதுவும் பேசலாம் என்றிருந்த காலத்தில், அந்தப் புடவை அவருக்கு ஒரு வேலியாகவும் இருந்திருக்க வேண்டும். அதைக் கட்டிக்கொண்டு அவர் எங்கெல்லாம் போனார் என்று பார்த்தால், சுருங்கிய வாழ்க்கை என்று சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

சில காலம் மேடைப் பக்கமே போகாமல் கொடுமுடியில் அடைந்து கிடந்தார். வெளியே கொண்டுவர முயன்றவர்களில் முக்கியமானவர் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி. அவருக்கு நாடகத்தின் மீது உண்மையான பித்து, தானே நடிக்கவும் செய்தவர். கூடவே அரசியல் கணக்கும் இருந்தது. பத்திரிகை படிக்கத் தெரியாத ஜனங்களிடம் சுயராஜ்யத்தைக் கொண்டுபோக அந்தக் குரலைப் போல வேறொன்று இல்லை என்பது அவருக்குத் தெரியும். 1937 தேர்தலில் காங்கிரஸ் கூட்டங்களில் சுந்தராம்பாள் பாடினார். தலைவர்கள் பேசுவதற்கு முன்னால் இவர் பாடுவார். கூட்டம் பாட்டுக்கு வரும், பேச்சுக்கும் உட்கார்ந்திருக்கும். காந்தியைப் பற்றியும் கதரைப் பற்றியும் பாடிய தட்டுகள் கிராமபோன் வைத்திருந்த டீக்கடைகளில் ஓடின.

அதற்கு முன்பே சினிமா கூப்பிட்டுவிட்டது. தமிழ் பேசும் படம் வந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. நந்தனார் எடுக்க வேண்டும் என்று அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் வந்து நின்றார். சுந்தராம்பாளுக்கு நடிக்க இஷ்டமில்லை. நேராக மாட்டேன் என்று சொல்லாமல், கேட்டால் எழுந்து ஓடிவிடும்படி ஒரு தொகையைச் சொன்னார்: ஒரு லட்சம் ரூபாய். அசன்தாஸ் சரி என்றுவிட்டார். முப்பது நாற்பது ரூபாய் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா குடும்பம் நடத்திய காலம் அது. நாற்பது ரூபாய்க்காரர் ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தாலும் இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகும். ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி வளர்ந்து சொன்ன விலை. இந்தியாவில் அதுவரை எந்த நடிகருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள். விரட்டுவதற்காகச் சொன்ன தொகைதான் என்றாலும், பேச்சு மாறக் கூடாது என்று ஒத்துக்கொண்டார்.

ஜோடியாக நடிப்பதில்லை என்ற முடிவுக்கு நந்தனார் கதை இடைஞ்சல் இல்லை. ஏனென்றால் அவர் நடித்தது நந்தனாராகவே. சிதம்பரம் பார்க்க ஏங்கும் பண்ணையாள். அவரை நிலத்தில் கட்டிப்போடும் வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். அவர் அன்றைய கர்நாடக சங்கீதத்தின் பெரிய தலை. இயக்கியவர் எம்.எல். டாண்டன். 1935இல் படம் வந்தது. ஏறக்குறைய நாற்பது பாட்டு. இரண்டு பெரும் குரல்கள் மோதிக்கொண்டதைத் தவிர படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் அன்று பலருடைய தீர்ப்பு. கல்கி தன் விமரிசனத்தில், மனிதர்களைவிட மரமும் எருமையும் ஆட்டுக்குட்டியும் நன்றாக நடித்ததாகக் கிண்டல் செய்தார். விளம்பரத்துக்கு ஈடாக வசூல் இல்லை. பெண் ஆண் வேடம் போடுவது மேடையில் எடுபட்டது, கேமரா அருகே வந்ததும் எடுபடவில்லை என்று நினைக்கிறேன். அடுத்து 1940இல் மணிமேகலை. அதுவும் பெரிதாகப் போகவில்லை. அதோடு சினிமாவை விட்டுவிட்டார். கச்சேரி, கோயில் விழா, அரசியல் கூட்டம், தட்டுப் பதிவு. பதின்மூன்று வருஷம் திரையில் இல்லை.

பிறகுதான் அவ்வையார்.

ஜெமினி ஸ்டூடியோ எஸ்.எஸ். வாசன் எதையும் சிறியதாக எடுக்கத் தெரியாதவர். சந்திரலேகா எடுத்த கை. கொத்தமங்கலம் சுப்பு இயக்கத்தில், வருஷக் கணக்கில் வேலை நடந்து 1953இல் அவ்வையார் வெளிவந்தது. யானைக் கூட்டம் கோட்டையை உடைத்துக்கொண்டு போகும் காட்சிக்கு ஊர் ஊராக ஜனங்கள் திரண்டார்கள். இளம்பெண்ணாக வரும் அவ்வை, கல்யாண ஏற்பாட்டிலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் முதுமையை வேண்டுகிறாள். வேண்டி முடித்ததும் அந்த இடத்தில் நரைத்த தலையும் கோலுமாக சுந்தராம்பாள் நிற்கிறார். அவருக்கு அப்போது 45 வயதுதான். ராஜாஜி படத்தைப் பார்த்துவிட்டு வந்து தன் குறிப்பேட்டில் பாராட்டி எழுதவில்லை, இடியும் மின்னலும் யானையும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஜனங்களுக்குப் பிடித்தது. பெரிய வெற்றி.

என் பாட்டி அதைத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் மூன்று தடவை பார்த்தாராம். அவ்வையார் எப்படி இருப்பார் என்று எனக்கு யாராவது குழந்தையில் சொல்லிக் கொடுத்திருந்தால் அது அந்த முகம்தான். சங்க காலத்தில் ஓர் அவ்வை, நீதிநூல் பாடிய அவ்வை வேறொருவர், அவ்வை என்ற பெயரில் பலர் இருந்தார்கள் என்றெல்லாம் தமிழாசிரியர்கள் சொல்லலாம். நமக்கு எல்லா அவ்வைக்கும் ஒரே முகம், ஒரே குரல், கொடுமுடிக்காரர்.

அவர் திரையில் ஏற்ற வேடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. நந்தனார், மணிமேகலை, அவ்வையார், பிறகு பூம்புகாரில் கவுந்தியடிகள், கடைசியில் காரைக்கால் அம்மையார். எல்லோரும் வீட்டை விட்டு வெளியே போனவர்கள். மணிமேகலை அழகாக இருந்தும் துறவுக்குப் போகிறாள். அவ்வை இளமை வேண்டாம் என்கிறாள். கணவன் விலகிப்போன பிறகு பேய் உருவத்தைக் கேட்டு வாங்குகிறாள் காரைக்காலாள். 25 வயதில் வெள்ளை கட்டிய பெண்ணுக்கு இந்தக் கதைகள் வந்து சேர்ந்தனவா, அல்லது அவரைப் பார்த்ததும் பட முதலாளிகளுக்கு இந்தக் கதைகள் மட்டும்தான் நினைவுக்கு வந்தனவா? இரண்டாவதுதான் என்று என் சந்தேகம். அன்றைய தமிழ் சினிமாவில் ஜோடி இல்லாத பெண்ணுக்கு, அழுகிற அம்மா வேடம் வேண்டாம் என்றால், இருந்த ஒரே வழி பக்தி. அந்த ஒரு வழியில் போய் அவர் கதாநாயகர்களைவிடப் பெரிய எழுத்தில் தன் பெயரைப் போட வைத்தார்.

1950களில் சென்னை சட்டமன்ற மேலவையில் உறுப்பினர் ஆனார். சினிமா நடிகர்கள் சட்டசபைக்குப் போவது தமிழ்நாட்டில் இன்று யாருக்கும் ஆச்சரியமில்லை. அந்த வரிசையில் முதலில் போனவர் இவர், தமிழ்நாட்டில் மட்டும் இல்லை, இந்தியாவிலேயே. விதவை எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று வீட்டுக்குள் திரும்பிப் போனவர்கள் நிறைந்த காலத்தில், வெள்ளைப் புடவையும் திருநீறுமாக அவர் அவைக்குள் நடந்து போனதை நினைத்துப் பார்க்கிறேன்.

1964இல் பூம்புகார். கதை வசனம் மு. கருணாநிதி. காங்கிரஸ்காரரும் முருக பக்தையுமான சுந்தராம்பாள் தி.மு.க. எழுத்தாளரின் படத்தில், அதுவும் ஒரு சமணத் துறவியாக. எஸ்.எஸ். ராஜேந்திரன் கோவலன், விஜயகுமாரி கண்ணகி. மதுரைக்கு நடந்து போகும் அந்த இருவருக்கும் துணையாக வரும் கவுந்தியடிகள் படத்தில் சில காட்சிகளுக்குத்தான் வருகிறார். ஆனால் வாழ்க்கை எனும் ஓடம் பாட்டு வந்ததும் கொட்டகையில் பேச்சு நின்றுவிடும் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். கட்சி வேறு, கடவுள் விஷயத்தில் கருத்து வேறு, படம் சேர்ந்து செய்தார்கள், நன்றாகவும் வந்தது. நம் பொதுக்குழுக் கூட்டங்களை நினைத்து இதை எழுதவில்லை.

அடுத்த வருஷம் ஏ.பி. நாகராஜனின் திருவிளையாடல். மாம்பழம் கிடைக்காத கோபத்தில் மலையேறி நிற்கும் முருகனைச் சமாதானம் செய்ய அவ்வை வருகிறார். பழம் நீயப்பா பாட்டு. சதுர்த்தியன்று அந்தப் பையன் கேட்டது அதைத்தான். பாட்டுக்கு முன்னால் தாளம் இல்லாமல் நீண்டு வரும் தொகையறாவைக் கவனித்துக் கேளுங்கள். அது சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மேடையிலிருந்து வந்தது. மணலில் உட்கார்ந்த ஜனங்களுக்காக எழுதப்பட்டதை, நாற்பது வருஷம் கழித்து, வண்ணப் படத்தில், அதே பாணியில் பாடுகிறார். இசை கே.வி. மகாதேவன். சிவாஜி கணேசன், சாவித்திரி, நாகேஷ், டி.எஸ். பாலையா என்று எல்லோரும் போட்டி போடும் படத்தில் இந்தப் பாட்டு இவருக்கே சொந்தமாகிவிட்டது.

அதன் பிறகு நாகராஜனும் தேவரும் பக்திப் படம் என்றால் அவரைத்தான் தேடினார்கள். கந்தன் கருணையில் மறுபடி அவ்வை. 1969இல் சின்னப்பா தேவரின் துணைவன். குழந்தை முருகனாக வந்து நிற்கும் சின்னப் பெண் பிற்பாடு இந்தியா முழுக்கக் கொண்டாடிய ஸ்ரீதேவி. அந்தப் படத்தில் பாடியதற்காக சுந்தராம்பாளுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. அந்த விருதைக் கொடுக்கத் தொடங்கியதே அதற்கு முந்தைய வருஷத்துப் படங்களிலிருந்துதான், முதலில் வாங்கியவர் பி. சுசீலா. இரண்டாவது இவர். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. தனக்குத்தானே பாடிக்கொண்டவருக்குப் பின்னணிப் பாடகி விருது என்பது கொஞ்சம் வேடிக்கைதான். 1970இல் பத்மஸ்ரீ.

1973இல் காரைக்கால் அம்மையார். இளம் புனிதவதியாக லட்சுமி, உருவம் மாறிய பின் சுந்தராம்பாள். மேலே ஆடும் சிவனையும் பார்வதியையும் பார்த்துக் கீழே அவர் பாடும் காட்சியை இப்போதும் யூடியூபில் பார்க்கலாம். குரல் தேய்ந்துதான் இருக்கிறது, முன்பு போல வழுக்கிக்கொண்டு மேலே போகவில்லை. போக வேண்டிய இடத்துக்கு ஏறிப் போகிறது, அந்த ஏற்றத்தின் சிரமமும் கேட்கிறது. எனக்கு அவருடைய இளமைத் தட்டுகளைவிட அது பிடிக்கிறது. வீட்டில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

மொத்தத்தில் அவர் நடித்த படங்கள் ஒரு டஜனை ஒட்டித்தான். இன்றைய நடிகர் மூன்று வருஷத்தில் நடித்து முடித்துவிடுவார். சேர்த்த பணத்தில் சொந்த ஊரில் தன் பெயரில் ஒரு சினிமா தியேட்டர் கட்டினார். கொடுமுடியில் படம் பார்க்க வேறு ஊருக்குப் போக வேண்டியதில்லை என்றாயிற்று. 1980 செப்டம்பரில் சென்னையில் காலமானார். அடுத்த மாதம் 72 முடிந்திருக்கும். கிட்டப்பாவோடு மேடையிலும் வீட்டிலுமாக இருந்தது ஏழு வருஷம், அவர் போன பிறகு வாழ்ந்தது நாற்பத்தேழு வருஷம்.

இதை எழுதி முடித்தபின் கலாசாரக் குழுவிடம் ஒரு விண்ணப்பம் வைத்தேன். வரும் சதுர்த்திக்கு முந்தைய சனிக்கிழமை மாலை, தரைத்தளக் கூடத்தில் அவ்வையார் திரையிடலாம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். படம் நீளம், அதனால் ஐந்து மணிக்கே ஆரம்பம். இடைவேளையில் காபி உண்டு. சுண்டலுக்கு சி பிளாக் பெண்கள் பொறுப்பேற்றிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு யானைகள் வருவதற்கு முன்னால் தூக்கம் வந்துவிட்டால் எழுப்பிவிடும்படி பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். கேள்வி கேட்ட பையனின் வீட்டு எண் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அவனுக்குச் சொல்லி அனுப்பவும்.